மூணு முடிச்சுக்கு முன்னாடி ஒரு நோட்டீஸ்: புதுச்சேரியின் ‘பிரெஞ்சு மாப்பிள்ளை’ என்ன செய்யணும்?

முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. பூ அலங்காரம் செய்த கார், முன்னால் நாதஸ்வரம், வாசலில் மாலை போட்டு மோதிரம் மாட்டிவிடும் மச்சான். மறுநாள் முகூர்த்தத்தில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவார், மற்ற இரண்டும் நாத்தனார் போடுவார். அப்புறம் அம்மியில் மணமகளின் பாதத்தை எடுத்து வைத்து மெட்டி போட்டால், மாப்பிள்ளை வேலை கிட்டத்தட்ட முடிந்தது.

ஆனால், புதுச்சேரியில் பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் மாப்பிள்ளைக்கு மண்டபத்துக்குப் பல வாரங்கள் முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. அதில் அவர் கோட்டை விட்டால் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அவர் இல்லை. விசாவுக்காகக் காத்திருக்கும் மணமகள்தான்.

பிரெஞ்சுக் குடியுரிமை எப்படி வந்தது?

1954 நவம்பர் 1-ம் தேதி புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956-ல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-ல்தான் அமலானது. இங்கே பிறந்து இங்கேயே வசித்தவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமைதான் வேண்டும் என்றவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அப்படி எழுதிக் கொடுத்த தாத்தாக்களின் பேரன்களும் கொள்ளுப்பேரன்களும் இன்று வரன் பார்க்கும் வயதில் இருக்கிறார்கள்.

இன்னொரு தாளும் உண்டு. 1881 செப்டம்பர் 21-ல் வந்த அரசாணைப்படி, இந்து, முஸ்லிம் தனிச்சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்கலாம். இப்படித் துறந்தவர்கள் ‘ரெனோன்சான்’. இவர்களில் இந்தியக் குடிமக்களும் உண்டு. இந்து திருமணச் சட்டம் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டபோது, 2ஏ என்ற பிரிவைச் சேர்த்து ரெனோன்சான்களுக்கு அது பொருந்தாது என்று எழுதிவிட்டார்கள். முப்பாட்டன் போட்ட கையெழுத்து, இன்றைய மாப்பிள்ளை எந்தச் சட்டத்தில் கல்யாணத்தைப் பதிவு செய்வது என்பது வரை வந்து நிற்கிறது!

தாலிக்கு முன் என்ன?

பிரெஞ்சுக் குடிமகன் வெளிநாட்டில், உள்ளூர்ச் சட்டப்படி கல்யாணம் செய்யலாம். அதற்கு முன் துணைத் தூதரகத்தில் ஆவணங்கள் கொடுத்து, திருமண அறிவிப்பை 10 நாள் ஒட்ட வேண்டும். கத்தோலிக்கக் கோயில்களில் ‘ஓலை வாசிப்பது’ மாதிரிதான் இதுவும். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம். தேவைப்பட்டால் இருவரையும் சேர்த்தோ தனித்தனியாகவோ கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள். எல்லாம் சரி என்றால், திருமணம் செய்யத் தகுதி உள்ளவர் என்று சான்றிதழ் தருவார்கள். மூன்று வார லீவில் வந்து, மண்டபம் பிடித்து, பத்திரிகையும் அடித்த பிறகு இதை ஆரம்பித்தால் கஷ்டம்தான்.

சான்றிதழ் வாங்காமலே தாலி கட்டிவிட்டால்? அதனால் மட்டும் கல்யாணம் செல்லாமல் போய்விடாது. இந்தியப் பதிவுச் சான்றிதழை வைத்து, பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்றக் கேட்கலாம். ஆனால், கேள்வி கேட்கும் படலம் அப்போது வரும். சந்தேகம் எழுந்தால் விவகாரம் பிரான்ஸின் நாந்த் நகரில் உள்ள அரசு வழக்கறிஞர் வரை போகும். பதிவேட்டில் ஏறினால்தான் மனைவிக்கான நீண்டகால விசா நகரும்.

இன்னொரு விதி மாப்பிள்ளைக்கென்றே எழுதியது போல இருக்கும், மணமகளுக்கும் அதேதான்: பிரெஞ்சுக் குடிமகனின் திருமணத்தில், அது எந்த நாட்டில் நடந்தாலும், அவர் நேரில் இருந்தாக வேண்டும். மாப்பிள்ளை வரவில்லை என்று அவருடைய வாளை வைத்துத் தாலி கட்டிய பழைய ராஜா கதைகள் இங்கே எடுபடாது. வீடியோ காலும்தான்.

மாதா இல்லை, ‘மேரி’

கல்யாணம் பிரான்ஸிலேயே நடந்தால் வரிசை மாறாது: முதலில் நகராட்சி அலுவலகம், பிறகுதான் மதச் சடங்கு. அந்த அலுவலகத்துக்கு பிரெஞ்சில் ‘மேரி’ என்று பெயர். நம்ம கடற்கரைச் சாலை மேரி கட்டிடமும் அதுதான், மாதா பெயர் இல்லை. 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்து, திரும்பக் கட்டப்பட்டு 2021-ல் திறக்கப்பட்டது.

பெண் பிரெஞ்சுக் குடிமகள், மாப்பிள்ளை இந்தியர் என்றாலும் இதே நடைமுறைதான். அப்போது விசாவுக்குக் காத்திருப்பது அவர். தாலி கட்டியதும் குடியுரிமை கிடைத்துவிடும் என்று சில தரகர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். கல்யாணமாகி 4 வருடம் கழித்துத்தான் விண்ணப்பிக்க முடியும், சில சூழ்நிலைகளில் 5 வருடம். பிரெஞ்சும் பேசத் தெரிந்திருக்கணும்.