உங்களுக்குத் தெரியுமா? இறைச்சிக்கு இடமில்லாத யூத உணவகம்

யூதர்களின் கோஷர் விதிப்படி இறைச்சியும் பாலும் ஒரே வேளையில் சேரக் கூடாது. சமைக்கும் பாத்திரங்கள்கூட தனித்தனி. அதனால் உருவானவைதான் பால் உணவகங்கள். நியூயார்க்கின் செகண்ட் அவென்யூவில் 1938 முதல் இருக்கும் ‘பி அண்ட் எச் டெய்ரி’ அந்த வகை. ஒடுக்கமான கடை, நீளமான கவுண்டர், வரிசையாக ஸ்டூல்கள். பீட்ரூட் சூப்புடன் வெண்ணெய் தடவிய ஹாலா ரொட்டி சுடச்சுட வரும். 2015இல் அருகே நடந்த எரிவாயு வெடிவிபத்தால் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது, வாடிக்கையாளர்களே நிதி திரட்டிக் காப்பாற்றினார்கள். எவ்வளவு பெரிய பாசம்! சைவ உணவுக்காரர்கள் கவனிக்க: இங்கே இறைச்சிதான் கிடையாது, மீனும் முட்டையும் உண்டு. கேட்டுவிட்டு ஆர்டர் செய்யுங்கள்.