51 வயதில் முதல் வகுப்பு

1925. மெக்சிகோவின் சினலோவா மாநிலத்தில் செடி தேடிப் போன இடத்தில், செங்குத்தான பாறையிலிருந்து தவறி விழுந்தார் ஒரு பெண். விலா எலும்புகள் முறிந்தன. கையிலும் பலத்த அடி. பயணத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு கலிபோர்னியாவுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. தாவரச் சேகரிப்புக்காக அவர் போன முதல் பயணமே அதுதான். வயது 55.

பெயர் இனெஸ் மெஹியா. ‘இந்த வயசில் இதெல்லாம் தேவையா?’ என்று கேட்க எல்லா ஊரிலும் ஆள் உண்டு. மெஹியாவோ மறு ஆண்டே மீண்டும் மெக்சிகோவுக்குக் கிளம்பிவிட்டார்.

1870-ல் வாஷிங்டனில் பிறந்தவர். தந்தை மெக்சிகோ அரசின் தூதரக அதிகாரி. பெற்றோர் பிரிந்ததால் குழந்தைப் பருவம் ஊர் ஊராக, பள்ளி பள்ளியாகக் கழிந்தது. வளர்ந்த பிறகு தந்தையைக் கவனித்துக்கொள்ள மெக்சிகோ சென்றார், அங்கேயே திருமணம். கணவர் 1904-ல் இறந்துபோனார். கோழிகளும் செல்லப்பிராணிகளும் வளர்த்து விற்கும் தொழிலை நடத்தினார். இரண்டாவது திருமணமும் நிலைக்கவில்லை. உடலும் மனமும் ஒருசேரத் தளர்ந்த நிலையில், நாற்பதை நெருங்கும்போது, சிகிச்சைக்காக சான் பிரான்சிஸ்கோ வந்து சேர்ந்தார்.

அங்கே அவரைத் தேற்றியது மலை. சியரா கிளப் என்ற இயற்கை ஆர்வலர் அமைப்போடு சேர்ந்து காடு, மலை என்று நடக்க ஆரம்பித்தார். வானளாவிய ரெட்வுட் மரங்களைக் காக்கும் முயற்சிகளில் ஈடுபட்டார். பார்த்த மரத்தின் பெயர் தெரிய வேண்டும். பெயர் தெரிந்தால் குடும்பம் தெரிய வேண்டும். அந்த ஆவல் 1921-ல் அவரை பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வகுப்பறையில் கொண்டுபோய் உட்காரவைத்தது. மாணவிக்கு 51 வயது.

காட்டில் ஒரு பெண்

செடி சேகரிப்பது என்றால் பூப்பறிப்பது போல என்று நினைத்துவிடக் கூடாது. பறித்ததைத் தாள்களுக்கு நடுவே பரப்பி, பலகைகளுக்கு இடையே வைத்து இறுக்கிக் கட்ட வேண்டும். ஈரமான தாளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மழைக்காட்டில் ஒருநாள் அசந்தால் பூஞ்சை பிடித்துவிடும். எந்த இடம், எவ்வளவு உயரம், பூவின் நிறம் என்ன என்று அன்றன்றே எழுதிவைக்க வேண்டும். காய்ந்த பிறகு நிறம் மாறிப்போகுமே!

மெஹியா பேன்ட் அணிந்து, குதிரையேறி, திறந்தவெளியில் படுத்துறங்கி இதைச் செய்தார். பெண்கள் அப்படிப் போவது அக்காலத்தில் பலருக்கு உறுத்தியது. அவர் பொருட்படுத்தவில்லை. 1928-ல் அலாஸ்கா. 1929 முதல் பிரேசில், பெரு. அமேசான் ஆற்றோடு ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் மேலேறிப் போனார்; முதலில் நீராவிக் கப்பல், பிறகு படகு. ஆண்டிஸ் அடிவாரத்துப் பள்ளத்தாக்கு ஒன்றில் மழைக்காலம் பிடித்துக்கொள்ள, மாதக்கணக்கில் அங்கேயே முகாம். திரும்பியது தெப்பத்தில்! பிறகு எக்வடார், சிலி, தென் அமெரிக்காவின் தென்கோடி வரை.

செலவுக்குப் பணம்? ஒவ்வொரு செடியிலும் கூடுதலாகச் சேகரித்த மாதிரிகளை அருங்காட்சியகங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் விற்றார். அதற்குப் பெர்க்லியில் ஓர் ஆள் இருந்தார்: நினா ஃபிளாய் பிரேசெலின். காட்டிலிருந்து மூட்டை மூட்டையாக வந்தவற்றைப் பிரித்து, எண்ணிட்டு, உரிய நிபுணர்களுக்கு அனுப்பிவைத்தவர் அவர். மெஹியாவின் பெயரைச் சொல்லும்போது இவரையும் சொல்வதுதான் நியாயம்.

பட்டம் இல்லாத விஞ்ஞானி

மெஹியா கடைசிவரை பட்டம் வாங்கவில்லை. புதிய தாவரங்களை விவரித்துப் பெயர் சூட்டியவர்கள் பெரும்பாலும் வேறு நிபுணர்கள். ஆனால், அவர்கள் மேசைக்கு அந்தச் செடி வந்தது எப்படி? 13 ஆண்டுகளில் அவர் சேர்த்தவை சுமார் 1,45,000 மாதிரிகள். அவற்றில் ஏறக்குறைய 500 இனங்கள் அறிவியலுக்குப் புதியவை. சுமார் 50 இனங்கள் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. ‘மெஹியாந்தஸ்’ என்று ஒரு பேரினத்துக்கே அவர் பெயர் வைத்தார்கள்.

‘தாமதமாகத் தொடங்கியவர்’ என்று அவரைப் பற்றிச் சொல்கிறார்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. ஸ்பானிய மொழி, நாட்டுப்புறப் பழக்கம், கூலியாட்களோடு பேசி வேலை வாங்குவது, வரவுசெலவு பார்ப்பது, தனியாக இருக்கும் துணிவு – இவையில்லாமல் அந்தப் பயணங்கள் நடந்திருக்காது. இவற்றை எந்தத் தாவரவியல் வகுப்பு சொல்லித்தரும்? வீணாய்ப்போனது என்று பிறர் கணக்கெழுதியிருக்கக்கூடிய மெக்சிகோ வருடங்கள்தாம் அவருக்குக் காட்டில் கைகொடுத்தன.

கடைசிப் பயணமும் மெக்சிகோவுக்குத்தான். நடுவில் நோயில் விழுந்து திரும்பிய அவர், 1938 ஜூலையில் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். தன் சேமிப்பின் ஒரு பங்கை ரெட்வுட் மரங்களைக் காக்கவே எழுதிவைத்தார்.

அவர் அழுத்திக் காயவைத்த இலைகள் இன்றும் உலர்தாவரத் தொகுப்புகளில் ஆராய்ச்சியாளர்களுக்காகக் காத்திருக்கின்றன. ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒரு சீட்டு: செடியின் பெயர், இடம், தேதி, பறித்தவர் பெயர். பறித்தவருக்கு என்ன வயது என்று எழுத அதில் இடமில்லை.