ஓசூர் எல்லைப் பகுதியில் குழந்தைகளின் கல்வி

ஓசூர் எல்லைப் பகுதியில் குழந்தைகளின் கல்வி என்னும் இக்கட்டுரை, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கர்நாடக எல்லையை ஒட்டியுள்ள ஓசூர், சூளகிரி, கெலமங்கலம், தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வட்டாரங்களில் பிள்ளைகள் பள்ளியில் சேர்வதிலும் தொடர்ந்து படிப்பதிலும் சந்திக்கும் தடைகளை விளக்குகிறது. உலகில் சுமார் 25 கோடிச் சிறுவரும் இளையோரும் பள்ளிக்கு வெளியே இருப்பதாக யுனெஸ்கோ 2024இல் கணக்கிட்டது. அவர்களில் பலருக்குப் போர், வறுமை, பள்ளியே இல்லாமை ஆகியவை காரணங்கள். ஓசூர்ப் பகுதியின் நிலை வேறு. இங்கு பெரும்பாலான ஊர்களுக்குத் தொடக்கப்பள்ளி எட்டும் தொலைவில் இருக்கிறது. பள்ளியின் மொழி வீட்டு மொழியாக இல்லாததும், பெற்றோர் வேலைக்காக இடம் மாறிக்கொண்டே இருப்பதும்தான் பிள்ளைகளைப் பின்னுக்குத் தள்ளுகின்றன.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அது 71 விழுக்காடு மட்டுமே. டைட்டன், டி.வி.எஸ்., அசோக் லேலண்ட் போன்ற ஆலைகள் பல ஆண்டுகளாக இயங்கிவரும் மாவட்டத்தில் இந்த இடைவெளி கவனிக்கத்தக்கது.

பின்னணி

பழைய சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்த ஓசூர், 1965இல் தருமபுரி மாவட்டத்திலும் 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் சேர்ந்தது. தமிழுடன் தெலுங்கு, கன்னடம், உருது ஆகியவையும் இங்கு தலைமுறைகளாக வீட்டு மொழிகள். ஓசூர் என்ற பெயரே கன்னடத்தில் 'புதூர்' என்று பொருள்படும். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் பிற மாவட்டத்தாரும், அண்மை ஆண்டுகளில் பீகார், ஒடிசா, அசாம் முதலிய மாநிலத் தொழிலாளர்களும் குடியேறினர்.

கல்வி வரலாற்றில் பெரிய விவாதத்தை எழுப்பிய ஒருவரும் இந்த மண்ணைச் சேர்ந்தவரே. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி, மேற்படிப்புக்கு எல்லை தாண்டிப் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரிக்குச் சென்றார். அவர் முதலமைச்சராக இருந்தபோது 1953இல் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், ஊரகப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கச் சொன்னது. 'குலக்கல்வி' என்று எதிர்க்கப்பட்ட அத்திட்டம், 1954இல் காமராசர் பொறுப்பேற்றபின் கைவிடப்பட்டது. பாதி நாள் வேலை, பாதி நாள் படிப்பு என்ற ஏற்பாட்டில் எது முதலில் விடுபடும் என்பதை ஏழை வீடுகள் நன்கு அறியும்.

மொழி

தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் 2006இல் நிறைவேறியது. 2006-07இல் முதல் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாகத் தமிழ் கட்டாயப் பாடமானது. இதன்படி 2015-16இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் எல்லா மாணவரும் தமிழை எழுத வேண்டியிருந்தது. மாநிலத்தில் பிறந்து வளரும் பிள்ளைக்குத் தமிழ் படிக்கவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும் என்ற நோக்கம் நியாயமானது; வேலைவாய்ப்புக்கும் அது தேவை.

சிக்கல் நடைமுறையில் எழுந்தது. தெலுங்கு, கன்னட, உருது வழிப் பள்ளிகள் பலவற்றில் தமிழ் கற்பிக்கப் போதிய ஆசிரியர் இல்லை என்று மொழிச் சிறுபான்மையினர் நீதிமன்றம் சென்றனர். சென்னை உயர் நீதிமன்றம் அவர்களது மாணவர்களுக்குத் தமிழ்த் தேர்விலிருந்து விலக்கு அளித்தது. 2023இல் உச்ச நீதிமன்றம் அவ்விலக்கை மேலும் ஓராண்டு நீட்டித்தது. ஆனால் விலக்குப் பெற்ற மாணவர் தேர்வு பயத்திலிருந்து தப்பினாலும் தமிழைக் கற்காமலேயே வெளியேறினார். ஆசிரியரை அமர்த்தாமல் தேர்வை வைப்பதும், தேர்வை நீக்கிவிட்டு ஆசிரியரை மறப்பதும் மாணவருக்கு ஒரே இழப்புதான்.

வீட்டு மொழி தெரிந்த ஆசிரியர் இருந்தால் இந்தத் தொலைவு வெகுவாகக் குறையும். தமிழில் 'ப' வருமிடத்தில் கன்னடத்தில் பெரும்பாலும் 'ஹ' வரும்: பால் – ஹாலு, பூ – ஹூவு, பத்து – ஹத்து. ஊர்ப்பெயர்களில் வரும் 'பள்ளி'யும் கன்னடத்தின் 'ஹள்ளி'யும் ஒன்றே. இதை ஒருமுறை காட்டிக்கொடுத்தால், முதல் வகுப்புப் பிள்ளை தனக்கு ஏற்கெனவே பாதித் தமிழ் தெரியும் என்று உணர்ந்துகொள்ளும். மாறாக, வீட்டுச் சொல்லைச் சொன்னதற்காகத் தலையில் குட்டு வாங்கும் பிள்ளை வாய் திறப்பதையே நிறுத்திவிடும்.

தொடக்கநிலையில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்து தர வேண்டும் என்று அரசியலமைப்பின் 350அ பிரிவும், இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவும் கூறுகின்றன. தென்னாப்பிரிக்காவின் சொவெட்டோவில், ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் பாடம் நடத்துவதை எதிர்த்து 1976 ஜூன் 16இல் ஊர்வலம் சென்ற மாணவர்கள் மீது காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியது. வகுப்பறை மொழி உலகெங்கும் எவ்வளவு ஆழமான கேள்வி என்பதற்கு அது சான்று.

இடம்பெயர்வு

மலைப்பகுதிக் குடும்பங்கள் பெங்களூரில் கட்டட வேலைக்கும் குடகில் காப்பித் தோட்டங்களுக்கும் செல்கின்றன. பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் விட்டுச் செல்வர், அல்லது உடன் அழைத்துச் செல்வர். சூசூவாடியில் தமிழ் படித்த பிள்ளை, சில கிலோமீட்டர் தள்ளி அத்திப்பள்ளிக்குப் போனால் பள்ளியின் மொழி கன்னடமாகிவிடும். எதிர்த்திசையில் வரும் பிள்ளைக்கும் இதே கதிதான்.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் இத்தகையோருக்கு உதவும் பிரிவுகளைக் கொண்டது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலோ வயதுச் சான்று இல்லாவிட்டாலோ சேர்க்கையை மறுக்கக் கூடாது. இடையில் நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். சான்றிதழ் இல்லாததால் பள்ளி வாசலிலிருந்தே திரும்பிப் போகும் பெற்றோருக்கு இவை தெரிந்திருப்பதில்லை.

பதினான்கு வயதுக்குப் பின்

கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான் பொருந்தும். 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமும் 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதைத்தான் தடுக்கிறது. குடும்பத் தொழிலில் உதவுவதற்கு அதிலும் விலக்கு உண்டு. 14 முதல் 18 வயது வரை அபாயகரமான தொழில்களுக்கு மட்டுமே தடை. ஆகவே ஒன்பதாம் வகுப்பில் கால் வைக்கும்போது இரண்டு சட்டங்களின் பிடியும் ஒரே நேரத்தில் தளர்கிறது. பட்டறையும் பூந்தோட்டமும் உணவகமும் அருகிலேயே இருக்கும்போது, படிப்பை நிறுத்தும் முடிவை வீட்டில் எளிதாக எடுத்துவிடுகிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு இதனுடன் இளவயதுத் திருமணமும் சேர்ந்துகொள்கிறது.

தொடக்கப்பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் நடுநிலைப்பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது மாநில விதி. உயர்நிலைப்பள்ளி இவ்விதிக்குள் வராது. பெட்டமுகிலாளம் போன்ற மலையூர்களைச் சுற்றி யானை நடமாடும் காடுகள் உள்ளன, பேருந்தும் குறைவு. கல்வியில் பின்தங்கிய ஒன்றியங்களின் சிறுமியருக்காக 2004இல் அறிமுகமான கஸ்தூரிபா காந்தி உறைவிடப் பள்ளித் திட்டம் முதலில் எட்டாம் வகுப்போடு நின்றது. 2018 முதல் அதைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை விரிவாக்க வழி உண்டு. மலையூர்ச் சிறுமி ஒன்பதாம் வகுப்புக்குப் போவாளா என்பது பெரும்பாலும் விடுதியில் இடம் கிடைப்பதைப் பொறுத்தே அமைகிறது.