டப்ளின் வீதியும் ஏ9 வீதியும்

டப்ளினில் பஸ் ஏறி வடக்கே பெல்பாஸ்ட் போகிறவர் நடுவழியில் ஒரு நாட்டைவிட்டு இன்னொரு நாட்டுக்குள் நுழைகிறார். அயர்லாந்தின் டண்டாக் கழிந்து, பிரித்தானியாவுக்குட்பட்ட வட அயர்லாந்தின் நியூரி வருமுன்னே எல்லை வந்துவிடும். பெரும்பாலும் பஸ் நிற்பதேயில்லை. உற்றுப் பார்த்தால்தான் மாற்றம் தெரியும்: வேகப் பலகையில் கிலோமீற்றர் மைலாகிறது, வீதியோர மஞ்சள் கோடு வெள்ளையாகிறது, பச்சைத் தபாற்பெட்டி சிவப்பாகிறது. கடையில் யூரோவுக்குப் பதில் பவுண் கேட்பார்கள்.

இலங்கையின் ஓமந்தைக்காரருக்கு இது பெரிய அதிசயம். 2002 ஏப்ரலில் வடக்குக்கான ஏ9 வீதி திறந்தபோது ஓமந்தையில் இராணுவச் சாவடி, வடக்கே புளியங்குளத்தில் புலிகளின் சாவடி. இடையில் கிடந்த சூனியப் பிரதேசத்தில் செஞ்சிலுவைக் குழுவினர் நின்றார்கள். சாமான் இறக்கி, பொதி அவிழ்த்து, வரிசையில் நின்று, அங்கால் போய் மறுபடியும் இறக்கி, பாஸ் காட்டி, ஆயம் கட்டித்தான் சனம் போய்வந்தது. யுத்தம் முடிந்த பின்னும் ஓமந்தைச் சாவடி 2015 வரை இருந்தது.

அயர்லாந்தின் எல்லையும் ஒருகாலம் இப்படித்தான் கிடந்தது. 1921 இல் தீவு இரண்டாகப் பிரிந்தபோது ஏறத்தாழ 500 கிலோமீற்றர் நீளத்துக்கு வயல்களையும் ஒழுங்கைகளையும் ஊடறுத்து அந்தக் கோடு விழுந்தது. ஒருவரின் வீடு இந்தப் பக்கம், வயல் அந்தப் பக்கம். 1970களில் கலவரம் முற்றியதும் பிரித்தானிய இராணுவம் சிறு வீதிகளைக் குண்டு வைத்துப் பிளந்தது, கொங்கிறீற் கட்டைகளால் அடைத்தது. ஊரவர்கள் திரண்டு வந்து குழிகளை மண் போட்டு நிரப்புவார்கள். இராணுவம் திரும்பவும் உடைக்கும். 1988 இல் ஓக்னக்ளோய் சாவடியைக் கடந்து கேலிக் உதைபந்தாட்ட மைதானத்துக்கு நடந்துபோன 23 வயது இளைஞர் ஒருவர் முதுகில் சூடுபட்டு இறந்தார். கை வழுக்கிச் சுட்டுவிட்டதாகச் சொன்ன சிப்பாயை நீதிமன்றம் குற்றவாளியாகக் கண்டது 2022 இல்தான். 34 வருடம் அந்தக் குடும்பம் விடாமல் நின்றது.

1998 ஏப்ரல் 10 இல், கலவரத்தை முடிக்கும் பெரிய வெள்ளி உடன்படிக்கை கைச்சாத்தானது. மே மாதம் தெற்கு, வடக்கு இரு பகுதி மக்களும் வாக்களித்து அதை ஏற்றார்கள். அதன் பிறகு காவற்கோபுரங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. 2007 இல் இராணுவ நடவடிக்கையும் முடிவுக்கு வந்தது. இன்று டண்டாக்கில் குடியிருந்து நியூரிக்கு வேலைக்குப் போவோர் இருக்கிறார்கள். விலை மலிந்த பக்கம் போய்ப் பெற்றோல் அடிக்கிறார்கள். வட அயர்லாந்தில் பிறந்தவர் ஐரிஷ், பிரித்தானியக் கடவுச்சீட்டு இரண்டையும் வைத்திருக்கலாம். றக்பிக்கு முழுத் தீவுக்கும் ஒரே அணி. உதைபந்தாட்டத்துக்கு மட்டும் இரண்டு. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரித்தானியா விலகியபோது எல்லை மக்களை உலுக்கியது சாவடி திரும்ப வருமோ என்ற பயம். அதனால்தான் சரக்குச் சோதனை தரையில் வராமல் துறைமுகங்களுக்குப் போனது.

சாவடியைக் கழற்ற அரசுகள் தீர்மானித்தால் போதும். காணாமற்போனவரைத் தேடுவது அப்படியல்ல. அதை அயர்லாந்தும் கண்டது. 1972 இல் பெல்பாஸ்ட் வீட்டிலிருந்து ஐரிஷ் குடியரசு இராணுவம் என்ற ஆயுத இயக்கம் (ஐ.ஆர்.ஏ.) கடத்திய ஜீன் மெக்கொன்வில் பத்துப் பிள்ளைகளின் தாய். அவரது எச்சங்கள் 2003 இல் எல்லைக்குத் தெற்கே லவுத் கடற்கரையில் கிடைத்தன. 1999 இல் இரு அரசுகளும் சட்டம் இயற்றி இதற்கென ஓர் ஆணைக்குழு அமைத்தன. அங்கே கொடுக்கப்படும் தகவலை வழக்குக்குப் பயன்படுத்த முடியாது; புதைத்த இடத்தை அறிவதே நோக்கம். பட்டியலில் 17 பேர். 13 பேரின் எச்சங்கள் வீடு திரும்பின. தண்டனையைக் கைவிட்டு எலும்புகளை வாங்குவது எந்தத் தாய்க்கும் கசப்பான பேரம். ஆனாலும் அங்கே ஒரு வழி திறந்தது, கொன்று புதைத்ததை ஐ.ஆர்.ஏ. தானே ஒப்புக்கொண்டதால்.

இலங்கையில் அப்படியல்ல. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலிலிருந்து ஓமந்தை வந்து சேர்ந்த சனத்திடம், ஒரு நாளேனும் புலிகள் இயக்கத்தில் இருந்தவர்கள் பதிய வேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பிள்ளையைத் தங்கள் கையாலேயே இராணுவத்திடம் கையளித்தோம் என்று சொல்லும் தாய்மார் 2017 பெப்ரவரியில் வவுனியா வீதியோரம் கொட்டகை போட்டு அமர்ந்தார்கள். அரசு அமைத்த காணாமற்போனோர் அலுவலகத்தில் அவர்களுக்கு நம்பிக்கையில்லை. சர்வதேச விசாரணையைத்தான் கேட்கிறார்கள். கையேற்றவர்கள் எவரும், யாரை எங்கே கொண்டுபோனோம் என்று இதுவரை சொல்லவில்லை.