தார் மடுவில் மாண்ட வேட்டை மிருகங்கள்

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் மாநகரத்தின் நடுவே, லா பிரேயா என்னும் இடத்தில், பூமியின் வெடிப்புகள் வழியாக இன்றும் கறுத்த தார் கசிந்துகொண்டிருக்கிறது. ஏறக்குறைய 50,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே, மேலே படிந்த சருகையும் புழுதியையும் தரையென்று நம்பிக் கால்வைத்த காட்டெருமையோ குதிரையோ ஒட்டகமோ மீள வழியின்றித் தத்தளித்தபோது, எளிதில் கிடைத்த இரையென்று எண்ணிப் பாய்ந்த மாமிசபட்சிணிகளும் அதிலேயே அகப்பட்டு மாண்டன.

புல் தின்பவை மிகுந்தும் அவற்றைத் தின்பவை குறைந்தும் இருப்பதே வனத்தின் சுபாவம்; இங்கு அகப்பட்ட பெரிய பாலூட்டிகளிலோ பத்தில் ஒன்பது பங்கு மாமிசபட்சிணிகள். டையர் ஓநாய் என்னும், இன்று அழிந்துபோன இனம் மட்டுமே 4,000-க்கு மேல். வாட்பல் பூனைகள் 2,000-க்கு மேல். அக்காலத்து வனமே இப்படித் தலைகீழாக இருந்ததென்று இதைக்கொண்டு முடிவுகட்டுவது பேதைமை. ஒரே இரைக்குப் பலர் போட்டியிட்டார்கள் என்பதை மட்டும் தாராளமாக ஒப்புக்கொள்ளலாம்.

இத்தனை பேரும் ஒரே நிலத்தில் எவ்வாறு ஜீவனம் நடத்தினார்கள்? அவற்றின் காயங்களே சாட்சி சொல்கின்றன. வாட்பல் பூனையின் கோரைப் பல், வேரோடு சேர்த்து ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் நீளமுள்ளது. கசாப்புக் கத்தியைப் போல் குத்திக் கிழிக்க வல்லதாயினும், இரை பக்கவாட்டில் திமிறினால் முறிந்துபோகும் தன்மையது. ஆகவே, கனத்த முன்னங்கால்களால் இரையை முதலில் தரையோடு அழுத்திக்கொண்டு, அசையவொட்டாமல் செய்த பிறகே அது தொண்டையில் பல்லைப் பதித்திருக்க வேண்டும். அதன் எலும்புகளில் தோள்பட்டையிலும் இடுப்பருகேயுள்ள முதுகெலும்பிலும் காயங்கள் மிகுந்திருப்பது இந்த மல்யுத்தத்தின் விளைவே. ஓநாய்களுக்கோ கழுத்திலும் கால்களின் கீழ்ப்பகுதியிலும் சேதம் அதிகம். துரத்திச் சென்று கவ்வுகிறவனுக்கு உதை விழத்தானே செய்யும்!

இவற்றின் பற்கள், இன்றைய வேட்டை மிருகங்களின் பற்களைவிட மிகுதியாக உடைந்திருப்பதைக் கண்ட ஆராய்ச்சியாளர், பசிக்கொடுமையால் எலும்பையும் விடாது கடித்தனவென்று 1993-இல் எழுதினர். பூனைகளின் பற்பரப்பிலுள்ள நுண்ணிய கீறல்களைப் பரிசோதித்த பிற்கால ஆய்வோ அதை மறுக்கிறது. பெரிய இரையோடு மல்லுக்கட்டியதில் பற்கள் முறிந்தன என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

பெரும் மிருகங்கள் மறைந்தபோது, அவற்றை நம்பியிருந்த பூனையும் ஓநாயும் மறைந்தன. முயல் முதல் பழம்வரை எதையும் ஒதுக்காத கயோட்டி என்னும் சிறு ஓநாயினம் பிழைத்தது. ஆனால், பெரிய இரையும் பெரிய போட்டியாளரும் ஒழிந்த சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்குள் அதன் சரீரமும் தாடையும் சிறுத்துவிட்டன.