அவசர கருத்தடை மாத்திரைக்குப் பின் மாதவிடாய் முன்பின்னாகினால்

அவசர கருத்தடை மாத்திரை எடுத்த பலர் அடுத்த சில வாரங்களைப் பயத்தோடுதான் கழிக்கிறார்கள். மாதச் சுகயீனம் சொன்ன நாளில் வராவிட்டால் கர்ப்பம் என்றும், இடையில் கொஞ்சம் இரத்தம் பட்டால் ஏதோ பழுதாகிவிட்டது என்றும் நினைக்கிறார்கள். இரண்டுமே பெரும்பாலும் உண்மையல்ல.

போஸ்டினோர் போன்ற மாத்திரைகளில் இருப்பது 1.5 மில்லிகிராம் லீவோநோர்ஜெஸ்ட்ரல் என்ற ஓமோன். பாதுகாப்பற்ற உடலுறவுக்குப் பின் 72 மணித்தியாலத்துக்குள், முடிந்தளவு விரைவாக இதை எடுக்க வேண்டும். முட்டை வெளியேறுவதை இது பிற்போடுகிறது. அதனால்தான் மாதவிடாயின் நாளும் நகர்கிறது. ஏற்கனவே தங்கிய கருவை இது கலைக்காது. குழந்தைப்பேற்றையும் பாதிக்காது. மாத்திரை எடுத்து 2 மணித்தியாலத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று எடுக்க வேண்டும்.

சில நாட்களில் உள்ளாடையில் சிறிதளவு இரத்தம் படலாம். பயப்பட வேண்டாம், ஆனால் அதை மாதவிடாய் என்று கணக்கெடுக்கவும் வேண்டாம். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். “வந்துவிட்டது” என்று நிம்மதியாக இருந்துவிட்டு, உண்மையான மாதவிடாய் வராததைக் கவனிக்கத் தவறுகிறார்கள்.

நாட்களை எண்ணுவது எப்படி? உங்களுக்கு 20ஆம் திகதி வரவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மாத்திரைக்குப் பின் அது 13இலும் வரலாம், 27இலும் வரலாம். ஒரு வாரம் முந்துவதும் பிந்துவதும் சாதாரணம். 27 கடந்தும் வராவிட்டால் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். வந்தும், வழமையைவிட மிகக் குறைவாக இருந்தாலும் செய்யுங்கள்.

ஆனால் இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, இப்போது காணிக்குத் திரும்பியிருக்கும் பலருக்கு “வரவேண்டிய திகதி” என்று ஒன்றே இல்லை. சாப்பாடு குறைந்து உடல் மெலிந்தாலும், மனச்சுமை கூடினாலும் மாதவிடாய் தவறும். டெப்போ ஊசி போட்டுக்கொண்டிருந்து இடையில் நிறுத்தியவர்களுக்கும் பல மாதங்கள் ஒழுங்கில்லாமல் இருக்கும். நீங்கள் இப்படியானவர் என்றால் மாதவிடாயைப் பார்த்திருக்காதீர்கள். உடலுறவு நடந்த நாளிலிருந்து 21 நாள் எண்ணி, கலண்டரில் ஒரு புள்ளி வையுங்கள். அன்று செய்யும் சோதனையின் முடிவை நம்பலாம். அதற்கு முன் “இல்லை” என்று காட்டினால் அது முடிந்த முடிவல்ல. சோதனைப் பட்டி மருந்தகங்களில் கிடைக்கும், வைத்தியசாலையிலும் செய்யலாம்.

மாதவிடாயை வரவைக்கப் பப்பாசிக்காய், அன்னாசி, எள்ளு என்று அயலில் சொல்வார்கள். அவை நாளை மாற்றாது. பெயர் தெரியாத குளிசைகளை யாரிடமும் வாங்க வேண்டாம்; அவை உயிருக்கே ஆபத்தாகலாம். வயிற்று நோவுக்குப் பனடோல் போதும்.

அடிவயிற்றில், குறிப்பாக ஒரு பக்கத்தில் கடுமையான நோ, தலைச்சுற்று, மயக்கம் இருந்தால் காத்திருக்காதீர்கள். கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருக்கக்கூடும். மணித்தியாலத்துக்கு இரண்டு பாட்ஸ் வீதம் இரண்டு மணித்தியாலம் தொடர்ந்து நனைந்தாலும் அப்படித்தான். 1990 அம்புலன்ஸ் சேவை இலவசம்.

காசநோய்க்கு றிபம்பிசின் எடுப்பவர்களிலும், சில வலிப்பு மருந்துகள் எடுப்பவர்களிலும் இந்த மாத்திரையின் வேலை குறையும். முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லுங்கள். எடுத்துவிட்டீர்கள் என்றால் 21ஆம் நாள் சோதனையைத் தவறவிடாதீர்கள்.

மாத்திரை எடுத்த பிறகு நடக்கும் உடலுறவுக்கு அதனால் பாதுகாப்பில்லை. முட்டை பிந்தி வெளியேறுவதால் அந்த மாதத்தின் பிற்பகுதியில்தான் கரு தங்கும் வாய்ப்பு உண்டு. மாதவிடாய் வரும்வரை ஆணுறை பாவியுங்கள். நிரந்தரமாக ஒரு முறை வேண்டுமென்றால் லூப், ஊசி, தினசரி மாத்திரை பற்றி உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். வீட்டில் மாமியார் முன் பேச முடியாவிட்டால் கிளினிக் நாளில் தனியாகப் பேசலாம்.

உங்கள் விருப்பமின்றி உடலுறவு நடந்திருந்தால், செய்தவர் கணவராக இருந்தாலும், மாத்திரை மட்டும் போதாது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தும் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கவேண்டும். உடனே பெரிய வைத்தியசாலைக்குப் போங்கள். அங்கு நட்பு நிலையம் இருந்தால் அங்குள்ளவர்களிடம் பேசலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.