விலைச்சீட்டில் இல்லாத விலை
பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்களை வாங்குவதும் பேணுவதும்

டாட்சன் என்றதும், சென்னையை அடுத்த ஒரகடத்தில் தயாராகி 2014ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த சிறிய குடும்பக் கார்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். 2022ஆம் ஆண்டில் அந்தப் பெயர் இந்தியச் சந்தையிலிருந்து விடைபெற்றது. அதே பெயரைத் தாங்கிய இன்னொரு கார், அதற்கு ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னரே உலகை வியக்க வைத்திருந்தது. நீண்ட முன்புறமும் சரிந்து இறங்கும் பின்புறமும் கொண்ட, இருவர் மட்டும் அமரக்கூடிய கார் அது. நிசான் நிறுவனம் 1969ஆம் ஆண்டின் இறுதியில் அதை ஜப்பானில் ‘ஃபேர்லேடி இசட்’ என்ற பெயரில் அறிமுகப்படுத்தியது. அமெரிக்கக் கிளையின் தலைவராக இருந்த யுடாகா கட்டயாமா, அந்தப் பெயர் அந்நாட்டு வாடிக்கையாளர்களுக்குப் பொருந்தாது என்று கருதினார். அதனால் அங்கே அது ‘டாட்சன் 240இசட்’ ஆனது.

2.4 லிட்டர் கொள்ளளவும் ஆறு சிலிண்டர்களும் கொண்ட எஞ்சினோடு வந்த அந்தக் காரின் அமெரிக்க விலை 3,526 டாலர். ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார்கள் செல்வந்தர்களுக்கு மட்டுமே எட்டிய காலத்தில், மாதச் சம்பளம் வாங்குவோரும் எண்ணிப் பார்க்கக்கூடிய விலை அது. 2020ஆம் ஆண்டு ஜனவரியில், 1971ஆம் ஆண்டு தயாரான அத்தகைய கார் ஒன்று இணைய ஏலத்தில் 3,10,000 டாலருக்கு விலைபோனது.

இத்தகைய செய்தியைப் படித்ததும் மனம் பெருக்கல் கணக்கில் இறங்குவது இயல்பு. எண்பது மடங்குக்கும் மேலான உயர்வு என்று தோன்றும். பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால், 1970ஆம் ஆண்டின் 3,526 டாலர் 2020இல் சுமார் 23,000 டாலருக்குச் சமம். அப்போதும் பதின்மூன்று மடங்கு உயர்வு கண்ணைப் பறிக்கத்தான் செய்கிறது. ஆயினும் ஏலத்தில் விற்ற அந்தக் கார், மிகக் குறைவாக ஓடி, அசல் நிலை குலையாமல் தப்பிய அபூர்வமான ஒன்று. அதனுடன் பிறந்த எத்தனையோ கார்கள் அன்றாடம் ஓடித் தேய்ந்து, துருப்பிடித்து, பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. அவற்றின் உரிமையாளர்களுக்கு என்ன மிஞ்சியது என்பதை எந்த ஏலப் பட்டியலும் சொல்வதில்லை.

தயாரித்தவருக்கே கட்டுப்படியாகாத கணக்கு

இதைப் புரிந்துகொள்ள நிசான் நிறுவனத்தின் அனுபவம் ஒன்றே போதும். 1990களின் பிற்பகுதியில் அதன் அமெரிக்கக் கிளை ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பழைய 240இசட் கார்களைத் தேடி வாங்கி, தேர்ந்த பட்டறைகளில் முழுமையாகப் பிரித்துப் புதுப்பித்து, தன் முகவர்கள் வழியாகவே மீண்டும் விற்பது என்பதே அத்திட்டம். ஒரு காரின் விலை சுமார் 25,000 டாலர் என்று வைக்கப்பட்டது. வரைபடம், உதிரிபாகத் தொடர்புகள், தொழில்நுட்ப அறிவு ஆகிய எல்லாமே அந்நிறுவனத்தின் கையில் இருந்தன. இருந்தும் புதுப்பிக்கும் செலவு விற்பனை விலையை மீறிச் சென்றது. சுமார் 40 கார்களோடு அத்திட்டம் நின்றுபோனது.

காரைப் படைத்த நிறுவனத்துக்கே கட்டுப்படியாகாத பணியைத் தனிமனிதர் ஒருவர் தம் சேமிப்பைக் கொண்டு செய்ய முற்படும்போது, வாங்கும் விலையைக் காட்டிலும் பேணும் செலவையே முதலில் கணக்கிட வேண்டும் என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

துரு என்னும் கூட்டு வட்டி

240இசட் போன்ற கார்களின் முதல் பகை துரு. அக்காலத்து ஜப்பானிய கார்களின் உடல் மெல்லிய எஃகுத் தகட்டால் ஆனது. துருத் தடுப்புப் பூச்சும் இன்றைய அளவுக்கு வளர்ந்திருக்கவில்லை. பேட்டரி அமரும் தட்டு, கால் வைக்கும் தளம், தளத்தின் அடியில் ஓடும் சட்டங்கள், கதவுக்குக் கீழுள்ள விளிம்பு, பின்கதவின் ஓரம் ஆகிய இடங்களில் ஈரம் தங்கி உலோகத்தை அரித்துவிடும். மேலே பளபளக்கும் வண்ணம் பூசப்பட்டிருந்தாலும் உள்ளே சட்டம் இற்றுப்போயிருக்கலாம். ஒரு சிறு துளையை உரிய காலத்தில் வெட்டி ஒட்டினால் சில நாள் வேலை. தள்ளிப்போட்டால் அது கூட்டு வட்டியைப் போலப் பெருகி, கார் முழுவதையும் பிரிக்க வைக்கும். ஆகவே இத்தகைய காரைப் பார்க்கச் செல்பவர்கள் எஞ்சின் ஓசையைக் கேட்பதற்கு முன், காரை உயர்த்தி அடிப்பகுதியைப் பார்ப்பதே முறை.

எஞ்சின் அவ்வளவு அச்சுறுத்துவதில்லை. 240இசட்டின் எஞ்சின் உறுதியானது. அதன் வால்வுகளை இயக்குவது சங்கிலி என்பதால் பெல்ட் அறுந்துபோகும் அச்சமும் இல்லை. ஆனால் வால்வு இடைவெளியை அவ்வப்போது கையால் சரிசெய்ய வேண்டும். இரண்டு கார்புரேட்டர்களும் ஒரே அளவாக மூச்சுவிடும்படி இசைவித்து வைக்கவும் வேண்டும். கணினியை இணைத்துக் கோளாறைக் கண்டறிந்து பழகிய இன்றைய மெக்கானிக்குகளில் இந்தக் கைப்பக்குவம் உடையவர்கள் சிலரே. அத்தகையவர் ஒருவரை அறிந்து வைத்த பிறகே காரைத் தேடத் தொடங்குவது நல்லது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம்

பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்கள் அனைத்தையும் ஒரே விதமாகப் பேண இயலாது. மாஸ்டாவின் ஆர்எக்ஸ்-7 காரில் மேலும் கீழும் இயங்கும் பிஸ்டன்களே இல்லை. முக்கோண வடிவச் சுழலிகள் சுழன்று ஆற்றல் தரும் ரோட்டரி எஞ்சின் அது. சுழலியின் முனைகளில் உள்ள அடைப்புப் பட்டைகள்தாம் அதன் உயிர்நாடி. அவை தேயாதிருக்க, எஞ்சினே சிறிதளவு ஆயிலை எரிபொருளோடு சேர்த்து எரித்துக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டுள்ளது. ஆகவே ஆயில் குறைவது இதில் இயல்பு; அதை அடிக்கடி அளந்து பார்த்து நிரப்பாமல் விடுவதே ஆபத்து. வாங்குவதற்கு முன், சுழலியின் மூன்று பக்கங்களிலும் அழுத்தத்தைத் தனித்தனியே அளக்கும் சோதனையைச் செய்யாமல் பணம் கொடுத்தவர்கள் புதிய எஞ்சினுக்கும் சேர்த்துப் பணம் கொடுக்க நேர்ந்திருக்கிறது.

1990ஆம் ஆண்டு வெளிவந்த ஹோண்டா என்எஸ்எக்ஸ் காரின் உடல் அலுமினியத்தால் ஆனது. எஃகைப் போல அது துருப்பிடிக்காது. ஆனால் விபத்தில் நசுங்கினால் எல்லாப் பட்டறைகளாலும் அதை நிமிர்த்த முடியாது. 1989 முதல் 1994 வரை தயாரான நிசான் ஸ்கைலைன் ஆர்32 ஜிடி-ஆர் காரில் இரண்டு டர்போக்கள் உண்டு. நான்கு சக்கரங்களுக்கும் ஆற்றலைப் பகிர்ந்தளிக்கும் மின்னணுக் கட்டுப்பாடும் உண்டு. அந்தத் தலைமுறைக் கார்களில் மின்கம்பிகளின் உறை விறைத்துப்போகும்; பிளாஸ்டிக் இணைப்புகள் தொட்டால் உடையும்; கணினிப் பலகையில் உள்ள மின்தேக்கிகள் கசியும். ஓடிய தொலைவு குறைவு என்பதற்காக டைமிங் பெல்ட்டை மாற்றாமல் விடுவதும் தவறு. ரப்பருக்குத் தொலைவைப் போலவே வயதும் கணக்கு.

நிறுத்தியே வைத்தால் கார் கெடாது என்ற எண்ணமும் சரியன்று. நெடுநாள் ஓடாத காரில் அடைப்பு வளையங்கள் உலரும். பெட்ரோல் பிசுபிசுப்பாகப் படியும். பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும். பட்டன் தேயாத டயரும் உள்ளே வெடிப்பு விட்டிருக்கும். பழைய காருக்கு அளவான ஓட்டமே மருந்து.

தொழிற்சாலைகள் திரும்பிப் பார்க்கின்றன

இத்தனை இடர்ப்பாடுகளுக்கு நடுவே ஆறுதலான செய்தியும் உண்டு. தங்கள் பழைய படைப்புகளைப் பேணும் பொறுப்பை ஜப்பானிய நிறுவனங்களே ஏற்கத் தொடங்கியுள்ளன. ஹோண்டா 1993ஆம் ஆண்டிலேயே என்எஸ்எக்ஸ் காரைத் தொழிற்சாலைத் தரத்தில் புதுப்பித்துத் தரும் சேவையைத் தொடங்கியது. நிசான் 2017ஆம் ஆண்டின் இறுதியில் ஆர்32 ஜிடி-ஆர் காருக்கான உதிரிபாகங்களை மீண்டும் தயாரித்து விற்க முன்வந்தது. மாஸ்டா தன் முதல் தலைமுறை ரோட்ஸ்டர் காருக்குப் புதுப்பிப்புச் சேவையை அறிவித்ததோடு, துணிக்கூரை, மரத்தாலான ஸ்டீயரிங் சக்கரம் போன்றவற்றையும் மீண்டும் செய்தது. அக்காலத்து டயரையும் பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனத்தின் துணையோடு மறுபடி உருவாக்கியது. டொயோட்டா 2020ஆம் ஆண்டு முதல் சூப்ரா கார்களுக்கும், மொத்தமே 351 மட்டும் தயாரான 2000ஜிடி காருக்கும் பாகங்களை வழங்கத் தொடங்கியது.

எனினும் சிறு எண்ணிக்கையில் செய்யப்படும் பாகத்தின் விலை சாதாரண பாகத்தின் விலையாக இராது. காரின் விலையைக் கேட்பதற்கு முன், அதற்கு எந்தெந்தப் பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன என்று பட்டியலிட்டுப் பார்ப்பதே விவேகம்.

விலையை ஏற்றிய சட்டங்கள்

சந்தை விலையின் ஏற்றத்துக்குக் காரின் அழகு மட்டும் காரணமன்று. தயாராகி 25 ஆண்டுகள் கடந்த வாகனங்களுக்கு அமெரிக்கா தன் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு அளிக்கிறது. அதனால் 2014ஆம் ஆண்டு முதல் ஆர்32 ஜிடி-ஆர் கார்கள் அந்நாட்டுக்குள் நுழையத் தொடங்கின. ஜப்பானில் எஞ்சியிருந்தவற்றுக்குப் போட்டி கூடியது. ஜப்பானிலோ, முதற்பதிவிலிருந்து 13 ஆண்டுகள் கடந்த பெட்ரோல் கார்களுக்கு ஆண்டு வரி சுமார் 15 விழுக்காடு உயர்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கட்டாயத் தகுதிச் சோதனையும் உண்டு. இப்படிச் சட்டத்தால் ஏறும் விலை, சட்டமோ சந்தையின் மனநிலையோ மாறினால் இறங்கவும் கூடும்.

நம் நாட்டின் நிலை

இந்தியாவில், பயன்படுத்திய வெளிநாட்டுக் கார்களை இறக்குமதி செய்யக் கடுமையான நிபந்தனைகளும் மிகுந்த சுங்க வரியும் உள்ளன. 2021ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவித்த விதிகளின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்து, அசல் வடிவம் மாறாமல் பேணப்படும் வாகனங்களைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவு செய்யலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். கண்காட்சி, பழைய கார் அணிவகுப்பு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கே அதைச் சாலையில் ஓட்டலாம்; அன்றாடப் பயணத்துக்கும் வணிகத்துக்கும் அனுமதியில்லை. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கக்கூடும் என்பதால், அவற்றை ஏற்ற வகைக் குழாய்களாக மாற்றுவதும் அவசியம்.

முன்பணம் கொடுப்பதற்கு முன், சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆவணங்களோடு ஒத்துள்ளனவா என்று பார்க்க வேண்டும். இறக்குமதி, பதிவு பற்றிய நடப்பு விதிகளை உரிய அலுவலகத்தில் நேரில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாகனத்தின் காப்பீட்டு மதிப்பு, நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகை. ஆகவே மதிப்பீட்டாளரின் அறிக்கை, நிழற்படங்கள், செலவுச் சீட்டுகள் ஆகியவற்றை முறையாகச் சேர்த்து வைப்பவர்களுக்கே இழப்பீட்டுக் காலத்தில் நியாயம் கிடைக்கும்.

தனிக் கணக்கு தேவை

இந்த ஆசை உடையோர் செலவை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். காப்பீடு, ஆயில், நிறுத்துமிடம் போன்றவை ஆண்டுதோறும் வருபவை. பெல்ட், டயர், ரப்பர் குழாய்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வருபவை. எஞ்சினும் துருவும் எப்போது வரும் என்று சொல்ல முடியாதவை. முதல் இரண்டுக்கும் மாதாந்திரத் தொடர் வைப்பில் சேமிக்கலாம். மூன்றாவதற்குத் தனியே ஒரு தொகையை ஒதுக்கிவைத்த பிறகே காரை வாங்க வேண்டும். பிள்ளைகளின் கல்விக்கும் மருத்துவத்துக்கும் ஓய்வுக்காலத்துக்கும் உரிய பணம் இந்தக் கணக்கில் கலக்கவே கூடாது.

காரின் விலை நாளை ஏறினால் மகிழலாம். ஆனால் அதை நம்பி இன்று திட்டமிடலாகாது. வாங்கிய விலை ஒருபோதும் திரும்ப வராவிட்டாலும் இந்தக் காரை வைத்திருப்பேனா என்று வாங்குவதற்கு முன்பே தம்மைக் கேட்டுக்கொண்டு, ஆம் என்று சொல்லக்கூடியவர்கள் துணிந்து வாங்கலாம். தயங்குபவர்கள் கண்காட்சிக்குச் சென்று கண்ணாரக் கண்டு திரும்பலாம். அந்த மகிழ்ச்சிக்கு நுழைவுச் சீட்டின் விலை மட்டுமே செலவு.